கஸ்பார் கண் சிமிட்ட எட்டு நாள்

கடலுக்குப் போன ஏழு பேருல ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தான், வந்தவனும் லேப்டாப்புலதான் வந்தான், அதுவும் ரொம்ப மெதுவா வந்தான். எங்க தூத்துக்குடி சந்தியாகப்பர் குடியிருப்புல, பி பிளாக்ல, ரெண்டாவது மாடியில, பிரிஜித் வீட்டு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவுல கிடந்த மேசையில வந்தான். வெங்காயமும் ஜல்லியும் ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போன தோணி முங்கிப்போச்சுன்னு துறைமுகத்துலேருந்து சேதி வந்து, உடைஞ்ச பலகையும் ரெண்டு டீசல் கேனும் கரையில ஒதுங்கி, ஒன்பது நாள் கழிஞ்சு, காலைல பத்தரை மணிக்கு, பிரிஜித் அரிசி களைஞ்சிட்டு இருக்கையில வீடியோ கால் மணி அடிச்சுது. ஈரக்கையோட ஓடி வந்து எடுத்தா. அவ புருஷன் கஸ்பார், அந்தத் தோணிக்குத் தண்டல், அதாவது தோணிய நடத்துற தலைவன், தலையில துண்டு கட்டி, மூணு நாள் தாடியோட ஸ்கிரீன்ல நின்னான்.

நின்னான்னா, அசையாம நின்னான். வாய் பாதியில, இமை பாதியில, தாடி நுனியில ஒரு சொட்டுத் தண்ணி பாதியில. ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் மட்டும், தூரத்துல மாவு மில்லு ஓடுற மாதிரி, விடாம வந்துக்கிட்டிருந்துச்சு. பிரிஜித் கத்துன கத்துல மூணு மாடியும் ஓடி வந்துச்சு. ஓடி வந்த இருபத்திநாலு வீட்டுச் சனத்துல ஒருத்தர்கூட, முங்கிச் செத்தவன் எப்படிக் கூப்பிடுவான்னு கேக்கல. எல்லாரும் ஸ்கிரீனப் பாத்தாங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க, பாத்துட்டு ஒரே பேச்சா, "நெட்டு ஸ்லோவா இருக்கு"ன்னாங்க. சொல்லிட்டு எனக்கு ஆள் அனுப்புனாங்க.

எனக்கு ஏன் ஆள் அனுப்புனாங்கன்னா, பிளாக் வாசல்ல ஜெராக்ஸும் பிரௌசிங் சென்டரும் வச்சிருக்குற டெல்பின் நான்தான். அந்த லேப்டாப்ப பழசுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான், பழைய மெஷின் மூச்சு வாங்காம ஓடணும்னு அதுல லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் நான்தான். "போன்ல மூஞ்சி சின்னதாத் தெரியுது யக்கா, எம் பொண்டாட்டிக்கு நான் பெருசாத் தெரியணும்"னு சிரிச்சிக்கிட்டே வந்து கேட்டவன் கஸ்பார். இந்த ஊருல லினக்ஸ்னா என்னன்னு தெரிஞ்ச பொம்பள நான் ஒருத்தி, அந்தத் திமிரு எனக்கு உண்டு. இப்ப நான் சொல்லப்போறது பூரா அந்தத் திமிரு பண்ணுன வேலை, அதனால கொஞ்சம் கோவமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கிடுங்க.

நான் போயி பாத்தேன். படம் உறைஞ்சுபோச்சு, கட் பண்ணிட்டுத் திரும்பக் கூப்பிடுவோம்னு சிவப்புப் பொத்தான்கிட்ட விரலக் கொண்டு போனேன். சலேத்தம்மா எங்கையத் தட்டிவிட்டா. அவ மகன் ரெமிஜியுஸும் அந்தத் தோணியில போனவன்தான், இருபத்தாறு வயசு, தைப் பொங்கல் முடிஞ்சு கல்யாணம் வச்சிருந்தாங்க. "கட் பண்ணி அப்புறம் வரலன்னா நீயா குடுப்ப?"ன்னா. நான் விரல எடுத்துக்கிட்டேன். மறுநாளும் அதுக்கு மறுநாளும் சலேத்தம்மா அந்த மேசைக்கு எதிர்ல ஜெபமாலையோட உக்காந்திருந்தா. மூணாம் நாள் சாயங்காலம், "இமை இறங்குதுட்டி, நேத்து கருமணி தெரிஞ்சுது, இன்னைக்குத் தெரியல"ன்னா. நாலாம் நாள் கஸ்பார் கண்ணு முழுசா மூடிருந்துச்சு. அதுக்கு அடுத்த நாலு நாள்ல திறந்துச்சு. அப்ப நாங்க கைதட்டுனோம், மாதாவே, நாங்க கைதட்டுனோம்!

அதுக்குப் பெறகு அது எங்களுக்குப் பழகிப்போச்சு. காலைல தண்ணிக் குழாய்க்குப் போற பொம்பளைங்க, "கஸ்பார் எப்படி இருக்கான்?"னு கேப்பாங்க, "நல்லா இருக்கான், அந்தச் சொட்டு தாடியவிட்டு விழுந்துருச்சு"ன்னு பிரிஜித் சொல்லுவா. கோயில் சாமியார் வந்து பாத்துட்டு, வீடியோ கால்ல இருக்குற மனுசனுக்குத் துக்க மணி அடிக்க முடியாதுன்னுட்டாரு. அவனுக்கு அடிக்க முடியாதுன்னா அவனோட ஒரே தோணியில போன மத்த ஆறு பேருக்கு எப்படி அடிக்கிறதுன்னு யோசிச்சு, அவங்களுக்கும் நிறுத்தி வச்சாரு. விசாரணைக்கு வந்த ஆபீசர் ஒருத்தரு மேசைக்கு முன்னால அரைமணி நேரம் உக்காந்து, டீயக் குடிச்சிட்டு, பேப்பர்ல 'தொடர்பில் உள்ளார்'னு எழுதிட்டுப் போனாரு. ஆறு வீட்டுலயும் அழ ஆரம்பிச்ச பொம்பளைங்க பாதியில வாயப் பொத்திக்கிட்டாங்க. அழுதா அபசகுனம், அழாம இருந்தா நெஞ்சு வெடிக்கும், அந்த மாதிரி ஒரு இருப்பு.

பிளாக்ல இருக்குற சனம் இருக்கே, அதுக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எங்களக் கெடுத்துச்சு. ஒரே காத்துல இத்தனை வைஃபை ஓடுனா கஸ்பாருக்கு வழி எங்கேருந்து கிடைக்கும்னு மாடிக்கு மாடி பேசி, மத்த இருபத்திமூணு வீட்டுலயும் மோடத்தை அணைச்சாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்குல. இரும்பு பீரோ சிக்னல மறிக்கும்னு நான் வாய்தவறிச் சொல்லிட்டேன், மறுநாள் காலைல மூணு மாடியிலேருந்தும் பீரோக்கள் இறங்குது, முற்றத்துல வரிசையா நிக்குது, மழைக்குத் தார்ப்பாய் போத்தி வச்சிருந்தாங்க, உடுத்துற சேலைய எடுக்க ஆளுங்க படி இறங்கிப் படி ஏறுனாங்க. தண்ணியும் சிக்னலக் குடிக்கும்னு எங்கேயோ படிச்சிட்டு வந்து எட்டாம் நம்பர் வீட்டு ஹில்டா தன்னோட மீன்தொட்டியக் கவுத்தா. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. செய்யாதவங்களப் பாத்த பார்வையே போதுமா இருந்துச்சு.

ஏன் இவ்வளவு பாடுன்னா, அதுக்குக் காரணம் சலேத்தம்மா கண்டுபிடிச்ச இன்னொரு சங்கதி. கஸ்பார் படம் கொஞ்சம் கொஞ்சமாச் சாயுது. மொதல்ல அவன் முகம் நடுவுல இருந்துச்சு, ஒரு மாசத்துல ஓரத்துக்குப் போயிருந்துச்சு. "போனத் திருப்புறான்டி! பயலுவளக் காட்டப்போறான்!"னு சலேத்தம்மா எந்திரிச்சு நின்னு சொன்னா. சேதி ஆறு வீட்டுக்கும் போச்சு. கஸ்பார் எப்பவும் அப்படித்தான், கால் பண்ணுனா தோணியில இருக்குற அத்தனை பேரையும் ஒரு சுத்துக் காட்டிட்டு, "இந்தா உம் மவன், இந்தா உம் புருஷன், எல்லாவனும் தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான்"னு சொல்லிட்டுத்தான் வைப்பான். அன்னையிலேருந்து ஆறு வீட்டுப் பொம்பளைங்களும் அந்தத் திருப்பத்துக்காக உசுரக் கையில பிடிச்சிக்கிட்டுக் காத்துக் கிடந்தாங்க. இந்த வேகத்துல போனா பயலுவ மூஞ்சி தெரிய வருசமாகும். "சீக்கிரமாக்கு டெல்பின், உனக்குத் தெரியாததா"ன்னு அவங்க கேட்டா, எனக்கு நெஞ்சு நிமிந்துக்கிடும்.

நானும் பாக்காத வேலையில்ல. மோடத்த மேசைக்குப் பக்கத்துலயே கொண்டுவந்து வச்சேன். சேனல மாத்துனேன். வைஃபை கார்டோட டிரைவர் சாஃப்ட்வேர அழிச்சிட்டுத் திரும்பப் போட்டேன். ஸ்பீடு டெஸ்ட்டு ஓட்டுனா முள்ளு அந்தக் கடைசிக்குப் போயி நிக்குது, அதே லேப்டாப்புல வேற எதத் திறந்தாலும் பறக்குது. "ஏட்டி பிரிஜித், உன் நெட்டு ஸ்லோவே இல்ல, பாக்கத்தான் ஸ்லோ"ன்னேன். அவ தலைய ஆட்டிட்டு ஒதுங்கி நின்னா. அவ எப்பவுமே அப்படி ஒதுங்கித்தான் நிப்பா, அவ வீட்டுல அவளுக்கே இடமில்லாத மாதிரி. ஸ்கிரீனோட மேல் மூலையில நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிஞ்சுது. "இது என்ன யக்கா?"ன்னு மொத நாளே கேட்டா. "பழைய பேனல்ல இப்படிக் கோடு விழும், விட்டுத்தள்ளு"ன்னேன். எவ்வளவு லேசாச் சொன்னேன் பாருங்க!

மூணாவது மாசம், டிசம்பர் கடைசியில, எனக்கு வழி கிடைச்சுது. வைஃபை கார்டுல மின்சாரம் மிச்சம் பிடிக்கிறதுக்குன்னு ஒரு செட்டிங் உண்டு, அது போட்டிருந்தா கார்டு அப்பப்பத் தூங்கித் தூங்கி முழிக்கும். அது போட்டிருந்துச்சு. அதுபோக, கார்டு பழைய காலத்து மட்டமான வேகத்துலயே கட்டிப்போட்டுக் கிடந்துச்சு. இந்த ரெண்டு முடிச்சும் இருந்தா மத்ததெல்லாம் எப்படிப் பறந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. ரெண்டையும் அவுக்கணும்னா கருப்பு ஜன்னல்ல கட்டளை அடிச்சு பாஸ்வேர்டு போடணும், பாஸ்வேர்டு பிரிஜித்துக்கு மட்டும்தான் தெரியும். லினக்ஸ்ல அதை அடிக்கிறப்ப எழுத்தும் தெரியாது, புள்ளிகூட விழாது. அவ விரல் ஓடுறத மட்டும் பாத்துக்கிட்டு நின்னோம். மொத முடிச்ச அவுத்தேன்.

மறுநாளே கஸ்பார் ஒரே பகல்ல கண்ண மூடித் திறந்தான். பிளாக்கே கூடிருச்சு. சலேத்தம்மா எங்கையப் பிடிச்சு முத்தம் கொடுத்தா, யாரோ ஒரு பெரிய சீலா மீனைக் கொண்டாந்து என் கடை வாசல்ல வச்சிட்டுப் போனாங்க. படம் நல்லாத் திரும்ப ஆரம்பிச்சுது. கஸ்பார் தோளுல ஒரு கை தெரிஞ்சுது, நாலு விரலு. அது ரெமிஜியுஸ் கைதான்னு சலேத்தம்மா சாதிச்சா, இல்ல எங்க வீட்டு ஆளு கைன்னு ஹில்டா சொன்னா, ஹில்டாவோட புருஷனும் அதே தோணிதான். எனக்கு வந்த குஷியில, பத்து நாள் கழிச்சு, ரெண்டாவது முடிச்சையும் அவுத்துருவோம்னு மாடி ஏறிப் போனேன். பிரிஜித் அடுப்படியில நின்னா. உக்காந்ததும் கை பழக்கத்துல, எந்த மெஷின் முன்னால உக்காந்தாலும் செய்யிற மாதிரி, துணிய எடுத்து ஸ்கிரீனத் துடைச்சேன்.

"அத அழிக்காதீங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, துணிய வெடுக்குனு எடுத்துக்கிட்டேன்.

துணியில நீல மை இருந்துச்சு. என்னதுட்டின்னு கேட்டேன். அடுப்படியிலேருந்து கிட்ட வந்து, நான் துடைக்காம விட்டிருந்த மிச்சத்தக் காட்டுனா. பால்பாயிண்ட் பேனாவால வச்ச சின்னச் சின்ன புள்ளி, மேல் மூலையிலேருந்து ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஒவ்வொரு நாள் காலைக்கும் ஒண்ணு. அந்த வெள்ளைக் கோடு எங்க நிக்குதோ அங்க ஒரு புள்ளி. ஆரம்பத்துப் புள்ளியெல்லாம் ஒட்டி ஒட்டி இருந்துச்சு. இந்தப் பத்து நாள் புள்ளி விரல் அகலத்துக்கு விலகி விலகி இறங்குச்சு. அப்பதான் நான் கருப்பு ஜன்னல விட்டுட்டுப் படத்தப் பாத்தேன். கோடு கோடா இல்ல. அது நுரை. அதுக்குக் கீழ பச்சைக் கறுப்பா ஒரு சுவரு, கஸ்பார் தலைக்கு மேல, பனை உசரத்துக்கு.

"அது அலை யக்கா. மொத நாளே எனக்குத் தோணுச்சு. நீங்க பேனல் கோடுன்னு சொன்னீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாலு நாள் நம்புனேன்."

"ஏட்டி, இத்தனை நாளா ஏன்ட்டி சொல்லல?"

"எப்படிச் சொல்ல? எல்லாரும் பீரோவ இறக்கி வச்சிருக்காங்க."

நானும் கடலோரத்துல பொறந்தவதான். அலை எனக்குத் தெரியாதா? செட்டிங்கப் பாத்தேன், மனுசனப் பாக்கல, பின்னால நிக்குற கடலப் பாக்கல. நெட்டு மெதுவா வந்தது அவனுக்கு நாங்க கொடுத்த ஆயுசு, அத நான் உக்காந்து அறுத்துக்கிட்டிருந்திருக்கேன். என் கன்னத்துல நானே ரெண்டு அறை விட்டுக்கிட்டேன். அப்புறம் பிரிஜித் பாஸ்வேர்டு அடிச்சா, அவுத்த முடிச்ச நான் திரும்பக் கட்டுனேன். கார்டு தூங்கித் தூங்கி முழிக்க ஆரம்பிச்சுது. நாங்க ரெண்டு பேரும் வெளிய யாருக்கும் மூச்சு விடல.

ஆனா அஞ்சு நாள்ல சலேத்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. திரும்பிக்கிட்டிருந்த படம் நின்னா அவளுக்குத் தெரியாம இருக்குமா? என் கடைக்கு வந்தா. ஜெராக்ஸ் எடுக்க நின்ன ஆளுங்களுக்கு முன்னாலயே கேட்டா.

"கட்டிட்டியா?"

"பெரியம்மா, அங்க அலை நிக்குது. ஓடவிட்டா விழுந்துரும்."

"எனக்குக் கண்ணில்லையா? நானும் பாத்தேன். விழட்டும்னு சொல்லல. அது விழுறதுக்குள்ள எம் புள்ள மூஞ்சியக் காட்டுன்னுதான் கேக்கேன். அவ தெனமும் புருஷன் மூஞ்சியில முழிக்கா, சோறு திங்கா. எனக்கு நாலு விரலு. அதுவும் அவன் விரலுதானான்னு தெரியல."

"கஸ்பார் போயிருவான்."

"அவன் மட்டும்தான் இருக்கானா? மத்தவனெல்லாம் என்ன, கருவாடா?"

நான் முடிச்ச அவுக்கல. அன்னைக்கே ஆறு வீட்டுப் பொம்பளைங்களும் பிரிஜித் வீட்டுப் படியில வந்து உக்காந்தாங்க. சண்டை போடல, ஏசல, கதவத் தட்டல. காலைல வருவாங்க, பொழுது சாயப் போவாங்க. ஜனவரி போச்சு, பிப்ரவரி போச்சு. பிளாக் ரெண்டாச்சு. கட்டிவைக்கிறதுதான் தர்மம்னு பாதி, அவுத்து விடுறதுதான் தர்மம்னு பாதி, முற்றத்துல பீரோ துரு ஏறுது, பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்கு நடுவுல குழாய்த் தண்ணிக்குத் தனித்தனி வரிசை வந்துருச்சு. பிரிஜித் வெளிய வந்தா அந்த ஆறு பேரையும் தாண்டித்தான் வரணும். காலத் தூக்கித் தூக்கி வச்சு, "மன்னிச்சிக்கிடுங்க, மன்னிச்சிக்கிடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இறங்குவா. எலும்பும் தோலுமாப் போயிட்டா. தூங்குறதில்ல, கண்ண மூடுனா அலை ஒரு நூலு இறங்கிரும்னு பயம்.

ஈஸ்டருக்கு முந்துன தபசு காலம் தொடங்குன வாரம், புதன்கிழமை, நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு சலேத்தம்மா படியில வந்து உக்காந்தவ, மதியம் அப்படியே சரிஞ்சிட்டா. தூக்கி உள்ள கொண்டுபோனது பிரிஜித்தான். நான் கடையிலேருந்து ஓடி வர்றதுக்குள்ள தண்ணி தெளிச்சு, மடியில தலைய வச்சு, மோர் கொடுத்துட்டா. கண்ணத் திறந்த சலேத்தம்மா, எதிர்ல மேசையில கஸ்பாரப் பாத்துட்டு, மெதுவா, "அவன் மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டு வருது பிரிஜித்து. மூக்கு எப்படி இருக்கும்னு நேத்து பூரா யோசிச்சேன், வரல"ன்னா.

பிரிஜித் அவ தலைய வருடிவிட்டா. அப்புறம் என்னையப் பாத்தா. "யக்கா, ரெண்டையும் அவுங்க."

"ஏட்டி, நல்லா யோசிச்சிக்கோ."

"யோசிச்சாச்சு. வெளிய இருக்குறவங்களக் கூப்பிடுங்க, முன்னால உக்காரட்டும். நான் பின்னால நிக்கேன்."

அஞ்சு பேரும் உள்ள வந்தாங்க. ஹில்டா மண்டி போட்டு மூக்கு ஸ்கிரீன்ல இடிக்கிற மாதிரி உக்காந்தா. பிரிஜித் குனிஞ்சு பாஸ்வேர்டு அடிச்சா. ஒரு எழுத்தும் தெரியல. நான் முடிச்சு ரெண்டையும் அவுத்தேன்.

மொதல்ல சத்தம்தான் மாறுச்சு. அஞ்சு மாசமா மாவு மில்லா ஓடுன அந்த 'ம்ம்ம்' மேல ஏறி, குரலாகி, மனுசக் குரலாகி, கஸ்பார் குரலாகி, "ஒண்ணுமில்ல பிரிஜித்து"ன்னு சொல்லுச்சு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, லேசான காத்துதான், நீ போயி வேலையப் பாரு." சொல்லும்போது சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே கண்ணு மட்டும் பின்னால போச்சு, போயிட்டு வெடுக்குனு திரும்பி அவளப் பாத்துச்சு. உடனே கைய மடக்கி போனக் கீழ திருப்புனான். ஆறு பொம்பளைங்களும் முன்னால சாஞ்சாங்க. ஈரப் பலகை தெரிஞ்சுது. சுருட்டிக் கிடந்த கயிறு தெரிஞ்சுது. பலகை மேல ஒரு வெறுங்காலு தெரிஞ்சுது, கணுக்காலுக்குக் கீழ மட்டும். அப்புறம் கறுப்புத் தண்ணி. அப்புறம் 'அழைப்பு முடிந்தது'ன்னு எழுத்து.

எல்லாம் சேத்து ஆறு நொடி இருக்குமா? அவ்வளவுதான்.

"எம் புள்ள காலு"ன்னா சலேத்தம்மா. "எங்க வீட்டு ஆளு காலு"ன்னா ஹில்டா. ஆறு பேரும் அந்த ஒரு காலத் தன்னோட ஆளு காலுன்னாங்க. யாரும் யாரையும் மறுக்கல. சண்டை வரும்னு பயந்தேன், வரல. ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சிக்கிட்டு வெத்து ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

எனக்குத்தான் அடங்கல. அஞ்சு மாசம்! பயலுவளக் காட்டப்போறான், காட்டப்போறான்னு அத்தனை வீடும் தவம் கெடந்துச்சே, அந்தப் பாவி யாரையும் காட்டத் திருப்பல. அலை வர்றது பொண்டாட்டி கண்ணுல படக்கூடாதுன்னு திருப்பியிருக்கான். அவன் மறைக்க நினைச்சத நாங்க அஞ்சு மாசமா அவ முன்னால நிறுத்தி வச்சு, தெனமும் புள்ளி வைக்க விட்டிருக்கோம். நான் வாய்விட்டு அழுதேன். வெக்கத்துல அழுதேனா, துக்கத்துல அழுதேனான்னு இன்னைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியல.

பிரிஜித் அழல. "பொய் சொல்லிட்டாரு யக்கா"ன்னா. "இருபத்திரெண்டு வருசமா, புயல்ல மாட்டுனாலும் இதான், கை ஒடிஞ்சு வந்தப்பவும் இதான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." லேப்டாப்ப மூடி ஓரமா வச்சா. தலைமுடிய அள்ளி முடிஞ்சா. கட்டில நகத்திட்டு, தரையில பாயை விரிச்சா. போயி வாசக்கதவு ரெண்டு பக்கத்தையும் சுவரோட சுவராத் திறந்து, ஆடாம இருக்கக் கல்லு வச்சா. எங்க ஊருல சாவு விழுந்த வீட்டுக் கதவ அப்படித்தான் திறந்து வைப்பாங்க, துக்கம் கேக்க வர்றவங்க தட்டிட்டு நிக்கக்கூடாதுன்னு.

அப்புறம் திரும்பி, இன்னமும் தரையில உக்காந்திருந்த அந்த ஆறு பேருகிட்டயும் சொன்னா:

"எந்திரிங்க பெரியம்மா. ஹில்டா, எந்திரி. உங்க வீட்டுக்கும் ஆளுங்க வருவாங்க. போங்க, போயி கதவத் திறங்க."